ஏழாம் எண் வண்டிக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து வந்தது. 1958இல் அமெரிக்காவில் எங்கள் மின்னசோட்டா மாநில ஊர்களை இணைத்த ரோஸ்டாட் ரயில்பாதையின் கடைசிப் பயணிகள் வண்டியை நிறுத்தக் கூடாது என்று வாதாட நாங்கள் பதினோரு பேர் நகரத்துக்குப் போனோம். காரில் போனோம்.

2

தொடக்கம் ஒன்று: 'பனி விலகிய காலையில் தண்டவாளங்கள்...' (அடித்துவிட்டேன். இதில் பனிக்கு வேலையில்லை.)

தொடக்கம் இரண்டு: 'ஒரு காலத்தில் நாளுக்கு ஆறு வண்டிகள், சாப்பாட்டுப் பெட்டியில் வெள்ளை விரிப்பு. இப்போது தபால் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரே பெட்டி...' (உண்மைதான். ஆனால் யாருக்கு வலித்தது?)

தொடக்கம் மூன்று: ஹுல்டா ப்ரெக்கி கொடியை மாட்டினாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அந்தக் கடைசி வண்டியான ஏழாம் எண் வண்டி தானாக நிற்காது; ஏறுகிறவர் ஸ்டேஷன் கம்பத்தில் கொடி மாட்ட வேண்டும். ஹுல்டா செவ்வாய்தோறும் மாட்டுவாள். அவள் கணவர் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

3

விசாரணையன்று காலை, பள்ளி ஆசிரியையான நான் அவள் வாசலில் காரை நிறுத்தினேன்.

"ஏறுங்க, இடம் இருக்கு."

"ரயிலுக்காகப் பேசப் போறவ கார்ல போய் இறங்கினா ஊரு சிரிக்காதாடி?"

"விசாரணை பத்து மணிக்கு. வண்டி லேட்டாச்சுன்னா?"

"ஆகட்டுமே. அப்பவும் ரயில்லதான் வருவேன்."

(இவ்வளவு பிடிவாதமாக ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

4

விசாரணை அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "இன்னைக்கு எதுல வந்தீங்க?"

பதினோரு முறை "கார்ல" என்றோம். ரயில் கம்பெனி வக்கீல் சிரிக்கக்கூட இல்லை.

"வேற சாட்சி இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

ஹுல்டா வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் எங்கள் சாட்சி ஏறிய வண்டியே தாமதம் என்றால் வக்கீலுக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று பயந்தேன். நான் எழுந்து நின்று, உரத்த குரலில்...

எழவில்லை.

இருபது நிமிடம் கழித்து ஹுல்டா உள்ளே வந்தாள். விசாரணை முடிந்து, குமாஸ்தா அறையைப் பூட்டத் தயாராக நின்றார்.

"சரக்கு வண்டிக்கு வழிவிடுன்னு நம்ம வண்டிய ஒன்றரை மணி நேரம் ஓரங்கட்டிட்டாங்கடி! கம்பெனியே லேட்டாக்கிட்டு, லேட்டா வருதுன்னு கம்பெனியே புகார் சொல்லுது. இந்தா, இத எழுதிக் கண்டக்டர் கையெழுத்தே வாங்கிட்டு வந்துட்டேன்."

நான் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

"நான் வர்றேன்னு சொன்னியா, இல்லியா?"

"இல்ல."

என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி. மறு விசாரணைக்கு எங்க எழுதிப் போடணும்னு அந்தாளக் கேளு."

எழுதினோம். மூன்று முறை மறுத்தார்கள்.

5

முடிவு ஒன்று: வண்டி தப்பியது. (பொய்.)

முடிவு இரண்டு: கடைசி வண்டிக்கு பேண்டு வாத்தியம், கண்ணீர். (நடந்தது. அழ வந்தவர்கள் காரில் வந்தார்கள்.)

முடிவு மூன்று: நாங்கள் முறைவைத்து ஹுல்டாவைக் காரில் அழைத்துப் போனோம். பிறகு அறுவடை வந்தது; யாருக்கும் நேரமில்லை. நவம்பரில் அவள் கணவர் இறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை.

மூன்றையும் ஏற்க மாட்டேன். நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். வேறு சாட்சி உண்டா என்று அதிகாரி இப்போதுதான் கேட்டிருக்கிறார். என் நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். அவள் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

எழுந்திருங்கள்.