காசு வாங்காத கடை

கொப்பியில் கடன் எழுதிச் சாமான் கொடுத்துவந்த நூர்தீன் நானாவின் கடையைக் காலி செய்யவைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டக் கம்பனி சொந்தமாகக் கடை திறந்தபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சம்பளம் ஏறும் கார்டை நீட்டினால் போதும். காசு எடுப்பதில்லை என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். காசு இருந்தால்தானே கொடுப்பதற்கு என்று சிரித்துவிட்டுப் போனவள்தான் ஜீவராணியும்.

பிறகு, ஒரு நாளின் முழுச் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தைக் கம்பனி இரண்டு கிலோ கூட்டியது. அதைக் குறைக்கும்வரை வேலைக்கு இறங்குவதில்லை என்று லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். முதலில் தூக்கிய கை ஜீவராணியுடையது. அதே கிழமை மழையில், வெளிக் கடைகளுக்குப் போக இருந்த ஒரே வழியான வட்டகொடைப் பாதை சரிந்து விழுந்தது.

வேலைக்கு இறங்காத மூன்றாம் நாள் அவள் பிள்ளையின் பால்மா தீர்ந்தது. கம்பனிக் கடையில் கார்டை வைத்தாள். சிவப்பு வெளிச்சம். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். போன மாதச் சம்பளத்தில் பாதி அதற்குள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், கரட் விற்று வைத்திருந்த இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.

கடையில் நின்ற சுதாகரன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். தாள்களை அவன் தொடக்கூட இல்லை.

"அரசாங்கம் அடிச்ச காசுதானே சுதா. வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"நான் யாருமில்ல ஜீவா. காச போட இங்க மேசையில ஒரு லாச்சிப் பெட்டிகூட வைக்கல, பாரு." குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்துட்டு வா. கார்டு வேல செய்யும்."

வேறு யாருக்கெல்லாம் இப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். அவன் மேலே தொங்கிய கமெராவைப் பார்த்துவிட்டுத் தட்டில் சாமான் அடுக்கத் தொடங்கினான்.

சாயந்தரம் பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். அது இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

விடிந்தும் விடியாமல் கூடையை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் குறுக்குப் பாதையில் இறங்கினாள். கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். அக்கம்பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்பதுபோல இருந்தது; நின்றால் அதுவும் நின்றது.

வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு வந்தபோது பனி விலகியது. லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடையோடு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யாரையும் திட்டவில்லை. பேர்களை நிதானமாகப் பதிந்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாரும் வந்துட்டீங்க, சந்தோஷம். இன்னையிலருந்து ரெண்டு இல்ல, நாலு கிலோ கூட."

ஜீவராணி நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். இரண்டு தாள்களும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன.