சாம்பு சாப்பிடும் நேரம்

பாஸ்போர்ட்டில் இருந்த பெண்ணுக்குத் தோளைத் தாண்டி முன்பக்கம் இறங்கும் தடித்த பின்னல். கண்ணாடித் தடுப்புக்கு எதிரே நின்ற பெண்ணுக்குத் தலையில் ஒற்றை மயிர் கிடையாது.

டா நாங் விமான நிலையத்தின் அந்த இளம் அதிகாரி படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பவும் படத்தைப் பார்த்தான். முத்திரையை எடுத்த கை பாதியில் நின்றது. தன் முறை முடிந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்த அவள் புருஷன் கோவர்த்தனன் அந்தக் கையைப் பார்த்தான். இதற்குத்தானே பயந்தான்! திரும்பி ஓடிவந்து, "திருப்பதி, திருப்பதி" என்றான். வியட்நாம்காரனுக்குத் திருப்பதி எங்கே தெரியப் போகிறது? காவலாளி வந்து அவனைக் கோட்டுக்கு அப்பால் நகர்த்திவிட்டான்.

கன்னிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் பின்னல் தொங்கிய இடத்தைத் தோளில் கையால் தடவிக் காட்டினாள். பிறகு விரலை மடக்கி நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு சவரக்கத்தி ஓட்டம். பிறகு இரண்டு கையும் சேர்ந்து மேலே போயின. அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து தலை தாழ்த்தினான். டொக். முத்திரை விழுந்தது.

"இன்னா மூஞ்சி வெளிறிக் கெடக்குது?" என்றாள் கன்னிகா, கோட்டைத் தாண்டி வந்ததும். "மொட்டைய பாக்காத ஆளா நீங்க?"

பாக்காத ஆளா! இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பதி ரயில் நிலையத்துக்கும் மலைக்கும், காளஹஸ்திக்கும் காணிப்பாக்கத்துக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவன் அவன். சந்தனம் பூசிய தலைகள் அவன் பின்சீட்டில் ஏறி இறங்காத நாளே கிடையாது. ஆனால் சொந்தப் பெண்டாட்டியின் தலையை அப்படிப் பார்த்த அன்று, மலையில் முடி இறக்கும் கல்யாணகட்டா வாசலில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

எல்லாம் சாம்புவால் வந்தது. சாம்பல் நிறத் தெருநாய். குட்டியாகத் திருப்பதி கொர்லகுண்டாவில் அவர்கள் வீட்டுப் படியேறி வந்து, ஒன்பது வருஷமாக இறங்காமல் இருக்கிறது. போன சித்திரையில் உண்ணிக் காய்ச்சல் வந்து, மருந்து ஏற்றிய டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். கன்னிகா மலையைப் பார்த்து நின்றாள். முடி முழுசும் தருகிறேன் என்றாள். நாய்க்காக யாராவது பெருமாளிடம் போய் முடி நேர்வார்களா என்று தெருவே சிரித்தது. நாலாம் நாள் நாய் எழுந்து பால் குடித்தது. தெரு வாயை மூடிக்கொண்டது.

அதற்குள் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஹர்ஷினி, அம்மா அப்பாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் போட்டு முடித்திருந்தாள். சென்னையில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, வியட்நாம். ஆறு நாள். நேர்த்திக்கடனைத் திரும்பி வந்து செலுத்தலாம், பாஸ்போர்ட் படத்தோடு ஒத்துப்போகாது, பெரிய சிக்கலாகிவிடும் என்று கோவர்த்தனன் வாதாடிப் பார்த்தான். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. கல்யாண நாளன்று கடற்கரையில் அவளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை. அதில் அந்தப் பின்னலும் இருக்க வேண்டும் என்ற ஆசை. கன்னிகா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். வேண்டிக்கொண்டதைப் பாக்கி வைத்துக்கொண்டு கடல் தாண்டக் கூடாது.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"சாம்பு ஒரு வேள சோறு துன்னாம வுட்டா பொறுத்துக்குவேன். ரெண்டு வேள வுட்டுதுன்னா, அடுத்த பிளைட்டு. நீங்க இருந்து சுத்திப் பாத்துட்டு வாங்க. நான் வந்துடுவேன்."

சரி என்று சொல்லித் தொலைத்தான். அதைத்தான் விமானத்தில் ஏறியதிலிருந்து மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை வேப்பமரத்தடியில் வண்டிக்குள் காத்துக்கிடந்தவன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கப் போகிறான். அந்த ஆறு நாளும் இப்போது ஒரு நாயின் வாயில் இருந்தது.

கராகம்பாடி ரோட்டில் மாந்தோப்புக்கு நடுவே தாட்சாயணி என்ற பெண் நடத்தும் இடத்தை ஊரில் நாய் ஹாஸ்டல் என்பார்கள். அறைக்கு அறை மின்விசிறி, வாசலில் வலைக்கதவு, ஓட விசாலமான இடம். கன்னிகா அங்கே ஒரு முழுக் காலை நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். சோற்றில் கோழி ஈரல் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, காலையில் வெறும் பால், பொழுது சாய்ந்த பிறகுதான் சோறு, காதுக்குப் பின்னால் சொறிந்தால் மாத்திரையை விழுங்கும். தாட்சாயணி எல்லாவற்றையும் திருப்பி ஒப்பித்துக் காட்டினாள். கிளம்பும்போது சாம்பு கன்னிகாவின் மொட்டைத் தலையை ஒரு சுற்று முகர்ந்து பார்த்துத் தும்மியது. கோவர்த்தனனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தது? அது அவளுடைய நாய். அவன் வீட்டுக்கு வாடகை கட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் ஆரம்பித்த வேடிக்கை ஹோய் ஆன் ஊரில் உச்சத்துக்குப் போனது. ஆற்றை ஒட்டிய மரவீடு. அதை நடத்தும் லான் அம்மா, அறுபதைத் தாண்டிய மெலிந்த மனுஷி, வாசலில் கன்னிகாவைக் கண்டதும் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். மொட்டைத் தலை, காவி நிறச் சுடிதார், காதில் ஒன்றும் இல்லை, கழுத்துத் தாலி சுடிதாருக்குள்ளே மறைந்திருந்தது. பௌத்தத் துறவி என்று முடிவே கட்டிவிட்டாள். மாடியில் காற்றோட்டமான அறை, சின்னப் புத்தர் சிலையோடு, துறவிக்கு. கீழே சமையலறையை ஒட்டிய அறை, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவனுக்கு. கோவர்த்தனன் தன்னையும் அவளையும் மாறி மாறிச் சுட்டி, விரலில் மோதிரம் போடுகிற மாதிரி காட்டினான். லான் அம்மா முகம் சுளித்தாள். துறவியைப் பற்றி அப்படிக் காட்டுகிறானே என்று பட்டிருக்கும்.

"வுடுங்க," என்றாள் கன்னிகா மாடிப்படியில் நின்று, உதட்டோரம் துடிக்க. "சாமி ரூமுக்குப் பக்கத்துல டிரைவர் தங்கக் கூடாதாம்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தியவேடு பக்கம் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண். திருமணமாகி வந்து, அவனுடைய சவாரிகளுக்கான போனை எடுக்க ஆரம்பித்து, தெலுங்கும் இந்தியும் பழகி, ஒரு குரலை வைத்தே இந்தப் பார்ட்டி வரும் இந்தப் பார்ட்டி வராது என்று சொல்கிறவள் அவள். கோலாலம்பூரில் வழி தெரியாமல் அவன் பலகை பலகையாகப் படித்துக்கொண்டு நின்றபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்ச் சிரித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டே சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தாள். இங்கே இறங்கிய மறுநாள் காலையில் பார்த்தால், சமையலறையில் லான் அம்மாவுக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுக் கதையோ நடந்துகொண்டிருந்தது. இருவரும் சரியான இடத்தில் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் தாட்சாயணியிடமிருந்து செய்தி வந்தது. சாம்பு நேற்று வைத்த சோற்றைத் தொடவில்லை. "ஏமி காது அக்கா, ஒண்ணும் ஆகாது. எடம் புதுசு இல்லியா, பழகிடும்" என்றாள். கன்னிகா தலையாட்டினாள். ஒரு வேளை, பொறுத்துக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் வட்டப் படகில் ஏறினார்கள். தென்னை போலவே கீற்று விரித்த நீர்ச்செடிகளுக்கு நடுவே படகைத் தட்டாமாலை சுற்றினான் படகுக்காரன். கோவர்த்தனன் கம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சத்தம் போட்டான். கன்னிகா அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கை மடியில் இருந்த போனை விடவில்லை. கரையேறும்போது அது அதிர்ந்தது.

இரண்டாவது வேளையும் இல்லை.

அவள் அழவில்லை, பதறவில்லை. மாடிக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவன் வாசற்படியில் நின்று ஹர்ஷினிக்குப் போன் போட்டான். நாளைக் காலையில் இரண்டு இருக்கை இருக்கிறது, சொன்னால் மாற்றிவிடுகிறேன் என்றாள் மகள். ஒன்றா, இரண்டா என்று கேட்டாள். அவன் ஆற்றைப் பார்த்தான். மஞ்சள் சுவர்களில் வெயில் தணிந்துகொண்டிருந்தது. ஒரு நாய்! சோறு தின்னாத ஒரு நாய்! அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே, மருந்து ஏறும் ஊசியோடு அது கிடந்த நாட்களில் கன்னிகா தரையில் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. "ரெண்டு" என்று சொல்ல வாயெடுத்தான்.

"கொஞ்சம் இங்க வாங்க." உள்ளேயிருந்து கன்னிகாவின் குரல் மாறியிருந்தது.

கட்டிலில் பாதி மடித்த துணிகள். அவள் தாட்சாயணி அனுப்பிய வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாம்பு வலைக்கதவு ஓரம் படுத்திருந்தது. முன்னால் சோற்றுத் தட்டு. தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம். நாயின் இரண்டு காதும் விறைத்து நின்றன. வண்டி கடந்து போனது. காதுகள் விழுந்தன. மறுபடி ஒரு வண்டி. மறுபடி காதுகள்.

"பாத்தீங்களா? தட்டப் பாக்கல. ரூமு கதவப் பாக்கல. ரோட்டப் பாக்குது."

"உன்னத்தான் தேடுது."

"நான் எந்தக் கார்ல வரப் போறேன்?" அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களத் தேடுது. நம்ம வண்டியத் தேடுது."

அவன் சிரித்துவிட்டான். கன்னிகா சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள். சோறு பொழுது சாயவே தட்டில் விழுந்துவிடும். ஆனால் தெருமுனையில் அவன் வண்டி திரும்பும் சத்தம் கேட்கும்வரை அது வாய் வைக்காது. பெங்களூர் சவாரி போய் ஊரே அடங்கியபின் அவன் வரும் நாட்களிலும் அப்படித்தான். அவன் வண்டியைப் பூட்டிவிட்டு நேரே குளிக்கப் போவான். அவன் தலையில் தண்ணீர் விழும்போது, பின்கட்டில் அது தின்ன ஆரம்பிக்கும்.

"ஒம்பது வருஷமாவா?"

"குட்டியா வந்ததுல இருந்து."

"சொல்லவே இல்லியே நீ."

"சொல்லியிருந்தா வெரசா வந்திருப்பீங்களா?" என்றாள். பிறகு, "தாட்சாயணி கிட்ட ஒண்ணு வுடாம ஒப்பிச்சேன். இது எனக்கே தோணல பாருங்க. தெனம் நடக்கறது, கண்ணுக்குத் தெரியல."

"அப்ப நீயும் எனக்காகத் துன்னாம…"

"அய்யய்யே. எனக்குப் பசி தாங்காது. நான் எட்டு மணிக்கெல்லாம் துன்னுட்டுப் படுத்துருவேன். அதுதான் துன்னாது."

கோவர்த்தனன் கட்டிலில் உட்கார்ந்தான். குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமும் தனக்காக ஒரு தட்டு காத்திருந்ததை, தட்டின் முன்னால் ஒரு ஜீவன் காத்திருந்ததை, அவன் சோப்புப் போட்டுக்கொண்டே கடந்து வந்திருக்கிறான். அதை ஒரு துண்டு வீடியோவில், இரண்டு காதுகளின் அசைவில், கடல் தாண்டி உட்கார்ந்து ஒருத்தி கண்டுபிடிக்கிறாள்!

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வண்டி இப்போது திலீப்பிடம். கோவர்த்தனன் ஊரில் இல்லாத ஆறு நாளும் ஓட்டுவதற்காக வைத்த டிரைவர். போனை எடுத்த திலீப், மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதாகவும், வண்டியில் பார்ட்டி இருப்பதாகவும் சொன்னான். சவாரியில் இருக்கும் பார்ட்டியைச் சொந்த வேலைக்காகத் திருப்பிவிடுவது என்ற பழக்கமே கோவர்த்தனனுக்குக் கிடையாது. மலையடிவாரத்தில் அலிபிரியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பின்சீட்டில் சூளூர்பேட்டைக்காரக் குடும்பம். ஒரு கனத்த குரல் கேட்டது.

"நாயா? பட்னியா கெடக்குது?"

"ஆமாங்க. உங்களுக்குச் சிரமம்…"

"எங்க ரயிலுக்கு நேரம் கீது. வுடுப்பா வண்டிய."

கன்னிகா கோவர்த்தனனின் போனிலேயே தாட்சாயணியை வீடியோவில் பிடித்தாள். இரண்டு பேரும் மாடி அறைத் தரையில் முட்டிபோட்டு, கட்டில் விளிம்பில் போனைச் சாத்தி வைத்து உட்கார்ந்தார்கள். திரையில் மாந்தோப்பு நிழல் நீண்டிருந்தது. தட்டில் புதுச் சோறு. சாம்பு முகத்தைத் தரையில் பதித்துக் கிடந்தது. ஒரு லாரி போனது. காதுகள் எழுந்தன, விழுந்தன. ஒரு ஆட்டோ. அதற்குக் காது அசையக்கூட இல்லை. லான் அம்மா துறவிக்குப் பழத்தட்டு கொண்டுவந்தவள், இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மண்டியிட்டிருப்பதைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு அவளும் பின்னால் குனிந்து திரையைப் பார்த்தாள்.

வண்டிச் சத்தம் அவர்களுக்குக் கேட்பதற்கு முன்னால் சாம்பு எழுந்துவிட்டது.

வெள்ளைக் கார் வளைவில் திரும்பி வலைக்கதவுக்கு அருகே வந்து நின்றது. வாலில் தொடங்கிய ஆட்டம் இடுப்பு வரைக்கும் ஏறியது. தாட்சாயணி கதவைத் திறந்துவிட்டாள். நாய் நேரே டிரைவர் பக்கத்துக்கு ஓடியது. கதவு திறந்தது. இறங்கியது திலீப். சாம்பு அவனைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு முன்காலையும் இருக்கையில் ஊன்றி, தலையை உள்ளே விட்டு, ஸ்டியரிங்கை, இருக்கையின் சாய்மானத்தை, மிதியை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பின்சீட்டிலிருந்து மூன்று மொட்டைத் தலைகள் எட்டிப் பார்த்தன. தாட்சாயணி மெதுவாகத் தட்டைக் கொண்டுவந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திரையின் மேல்பக்கம் ஹர்ஷினியின் செய்தி வந்து விழுந்து மறைத்தது. நைனா, டிக்கெட் மாத்திடவா? ஒண்ணா ரெண்டா?

கோவர்த்தனன் பதில் போடாமல் அதைக் கட்டைவிரலால் மேலே தள்ளினான். அடியிலிருந்து நாய் வெளிப்பட்டது. இருக்கையிலிருந்து காலை இறக்கியிருந்தது. சக்கரத்தை ஒருமுறை முகர்ந்தது. குனிந்து ஒரு வாய் தின்றது. நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தது. மறுபடி ஒரு வாய். மறுபடி ரோட்டை.