பானட் மேல் ஒரு நூல்

இந்தக் காலத்தில் எவனும் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவதில்லை. மாடியில் குடியிருப்பவன் கீழே இருக்கும் வீட்டுக்காரருக்கு போனில் சேதி அனுப்புகிறான்: "அங்கிள், காரைக் கொஞ்சம் ஓரமா நிறுத்த முடியுமா?" இறங்கி வந்து சொன்னால் கால் தேய்ந்துவிடுமா? அதிலும் அங்கிளாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே கலீலுல்லாவுக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல் இருக்கும். பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை கூடப்பிறந்தவனையும் நம்பாதவர். ஊர் அவரை பாய் என்றுதான் கூப்பிடும்.

அன்று காலையும் கார் சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போய்வந்த வண்டி, விடிவதற்குள் செத்துக் கிடந்தது. இந்த வாரம் முழுக்க இதே கூத்து. வண்டியைத் தள்ளி உயிர் கொடுப்பதும், மறுநாள் காலையில் அது மறுபடி சாவதும்.

உள்ளே மகள் சைமா நிறைமாதமாக இருந்தாள். டாக்டரம்மா எந்த நேரமும் வலி வரலாம் என்றிருந்தாள். போன தடவை வலி எடுத்தபோது நூம்பல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போனில் கூப்பிட்ட வாடகைக் கார்க்காரன் தெருமுனை வரை வந்து, பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வயிற்றுக்குள்ளேயே குழந்தை போய்விட்டது. இனி எவன் வண்டிக்கும் என் பிள்ளை காத்திருக்கக் கூடாது என்றுதான் இந்தப் பழைய காரை வாங்கினார்.

பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. செத்துப்போச்சு என்று அவர் கடைக்கு எடைக்கு வந்த பேட்டரிகளில் பாதிக்கு உயிர் இருந்தது அவருக்குத் தெரியாதா?

அவருடைய சந்தேகமெல்லாம் மாடி சரவணக்குமார் மேல்தான். நாமக்கல் பக்கத்துக்காரன், கம்ப்யூட்டர் வேலை. புதுக் காரைத் தெருவில் நிறுத்துகிறான். காம்பவுண்டுக்குள் இருப்பது ஒரே ஒரு கார் நிற்கும் இடம். இது ஓடாமல் ஒழிந்தால் அது உள்ளே வரலாம் அல்லவா? அதனால் நேற்று பெண்டாட்டியின் தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, எச்சில் தொட்டு, பானட் இடுக்கின் குறுக்கே ஒட்டிவைத்தார். எவன் திறந்தாலும் அறுந்துபோகும்.

இப்போது குனிந்து பார்த்தார். நூல் அப்படியே இருந்தது.

"அடியில பூந்து செஞ்சிருக்கான்," என்று பல்லைக் கடித்தவர் மாடியைப் பார்த்துக் கத்தினார். "சரவணக்குமாரு! எறங்கி வாய்யா!"

சரவணக்குமார் வாயில் பிரஷோடு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி அகல்யா.

"என் வண்டிய இன்னா பண்ண?"

"நான் என்ன அங்கிள் பண்ணேன்?"

"அங்கிளு கிங்கிளுன்ன, மரியாத கெட்டுடும். பேட்டரிய ராவோட ராவா உறிஞ்சறது நீதான். இந்த மாசத்தோட ஊட்ட காலி பண்ணு."

அகல்யாவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஒட்டின நூல்தான் அறுபடலையே பாய்? நேத்து நீங்க எச்சி தொட்டு ஒட்டினதை மாடியிலிருந்து பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப பாத்துகினு இருந்திருக்கீங்க! அதான் அடியில பூந்திருக்கான்!"

சரவணக்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தான். "இன்னைக்கே பார்த்துடலாம். வேலப்பன்சாவடி வேம்புலியை வரச்சொல்றேன். கார் எலக்ட்ரீஷியன். நான்தான்னு சொன்னார்னா நாளைக்கே காலி பண்றேன்."

"நீ இட்டுகினு வர்றவன் உன் பக்கம்தானே பேசுவான்?"

"அப்ப நீங்களே யாரையாவது கூப்பிடுங்க."

கலீலுல்லா தனக்குத் தெரிந்த மெக்கானிக்குகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். நம்பும்படி ஒருத்தனும் தேறவில்லை. "சரி, அவனையே வரச்சொல்லு," என்றார்.

வேம்புலி வந்து பானட்டைத் திறந்தபோது உள்ளிருந்து அவர் மனைவி ஷம்ஷாத்தின் குரல் வந்தது. "இங்க பாருங்க, சைமாவுக்கு இடுப்பு வலிக்குதாம்!"

கலீலுல்லாவின் கை தானாக லுங்கியை இறுக்கியது. "சீக்கிரம் பாருய்யா."

வேம்புலி பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினான். பல்பு மங்கலாக எரிந்தது.

"வண்டிய இழுக்கத்தான் இதுல தெம்பில்ல, இந்த பல்புக்குப் போதும். பாரு பாய், சாவி உன் கையில கீது. லைட்டு இல்ல, பாட்டு இல்ல. பல்பு ஏன் எரியுது? எதுவோ உள்ள குந்திகினு குடிக்குது."

"அந்த பல்ப இப்டி குடு."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

வேம்புலி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். "எத புடுங்கினா பல்பு அணையுதோ, அந்த லைன்லதான் திருடன்." ஹார்ன். பல்பு எரிந்தது. கண்ணாடி இறக்குவது. எரிந்தது. வைப்பர். எரிந்தது. சரவணக்குமாரும் கலீலுல்லாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்து நின்றார்கள்.

"அத்தா!" சைமா அலறினாள். இது லேசான வலி இல்லை.

வேம்புலி இன்னொன்றைப் பிடுங்கினான். பல்பு அணைந்தது.

"பின்சீட்டு சாக்கெட்டு!"

பின் சீட்டில் இருப்பவர்கள் போனுக்கு சார்ஜ் போடும் ஓட்டை அது. சரவணக்குமார் கதவைத் திறந்து கையை விட்டான். அதில் செருகியிருந்த ஒயர் சீட்டுக்கு அடியில் ஓடியது. இழுத்தான். பச்சைத் துணியில் சுற்றிய சின்னப் பெட்டி வந்தது. துணியைப் பிரித்தால் நீல விளக்கு மின்னியது. காதில் வைத்தான். எங்கோ தூரத்தில் ஓதுவதுபோல மெல்லிய குரல்.

குர்ஆன் ஓதும் பெட்டி.

வாசலில் ஷம்ஷாத், சைமாவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். "அத ஏன் எடுக்கறீங்க? மாசம் நெறஞ்சதுலேர்ந்து நான்தான் வெச்சிருக்கேன். போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது. நிக்காம ஓதிகினு இருந்தா வண்டிய ஒண்ணும் அண்டாது. சத்தம் கேட்டா நீங்க கத்துவீங்க, அதான் கொறச்சு வெச்சேன்."

சைமா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலடியில் தண்ணீர் வழிந்தது.

"என் வண்டியில ஏத்துங்க," என்றான் சரவணக்குமார். சாவியோடு தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

கலீலுல்லா ஒரு நொடி தன் காரைப் பார்த்தார். பானட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு மகளின் ஒரு பக்கத் தோளைத் தாங்கினார். மறுபக்கம் அகல்யா தாங்கினாள்.

ஷம்ஷாத் அந்தப் பெட்டியை விடவில்லை. ஒயரிலிருந்து கழற்றி எடுத்துவந்து, பின்சீட்டில் மடியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அதன் சொந்தச் சார்ஜில் அது கணீரென்று ஓதியது. சரவணக்குமார் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் பள்ளம் வந்த இடமெல்லாம் ஒடித்து ஒடித்து ஓட்டினான். முன்சீட்டில் கலீலுல்லா, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"எடது பக்கம் ஒடிய்யா! கண்ணு இன்னா பொடறியிலயா கீது?"

"ஒடிக்கிறேன் அங்... பாய்."

ஆஸ்பத்திரி கதவுக்குள் சைமா போனாள். கலீலுல்லா உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கதவைப் பார்த்தபடியே நின்றார். கடைசியில் உள்ளேயிருந்து ஓர் அழுகை வந்தது. இது சைமாவின் குரல் இல்லை என்று புரிந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பொண்ணு," என்றாள் நர்ஸ். "நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க."

மதியம் துணிமணி எடுக்க சரவணக்குமாரோடு வீட்டுக்கு வந்தார். வேம்புலி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தான். சாவியைத் திருகியதும் கார் உறுமியது.

"பேட்டரியும் கெழம், நீ ஓட்டறதும் பள்ளிவாசல் வரைக்கும். ஏறினது கொஞ்சம், குடிச்சது நெறைய. சாவிய எடுத்தாலும் அந்த சாக்கெட்டுக்கு கரண்டு வந்துகினேதான் இருக்கும் பாய். வண்டி ஓடும்போது மட்டும் சொருகச் சொல்லு."

சாக்கெட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒயரைக் கலீலுல்லா பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒன்றுமே இல்லை. இந்தச் சுண்டுவிரல் ஒயர் வழியாகவா அவ்வளவு கனமான பேட்டரி காலியானது? அதுவும் ஓதுகிற பெட்டியாலா?

"யோவ் சரவணக்குமாரு. இந்த மாசம் காலி பண்ண வாணாம்."

"அடுத்த மாசம்?"

"அத அடுத்த மாசம் பாக்கலாம்."

வேம்புலி சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தான். சரவணக்குமார் மாடிப்படி ஏறினான். அவன் தலை மறைந்ததும் கலீலுல்லா பானட்டை அறைந்து மூடினார். கீழே கிடந்த கறுப்பு நூலைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டு, இடுக்கின் குறுக்கே ஒட்டினார். லுங்கி ஓரத்திலிருந்து இன்னொரு நீள நூலை உருவிக் குனிந்து, வண்டிக்கு அடியில் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கட்டினார்.

முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் நடந்தார்.