இரண்டோடு நிற்கும் குரல்

இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றுத் துறையில் படகுக்கு மணி கிடையாது. அக்கரையில் வந்து நிற்பவர் வாயருகே கையைக் குவித்து "ஹல்லூ!" என்று கத்த வேண்டும். அந்தச் சொல்லே படகுத்துறையில்தான் பிறந்தது என்பது துறைக்காரர்களின் கட்சி. பாதிரியாரோ, வேட்டைக்காரர்கள் நாய்களை ஏவிவிடக் கத்திய சொல் அது என்பார். இப்போது நகரத்தில் டெலிபோன் என்று சுவரில் மாட்டிய பெட்டிக்குள்ளும் அதையே கத்துகிறார்களாம். எவன் எடுத்துப்போனால் என்ன, சொல் நம்முடையது என்று ஒரு காலத்தில் கெசையா பெருமையடித்துக்கொண்டவள்தான்.

போன இலையுதிர் காலத்தில், படகோட்டியான அவள் கணவன் ஜேபஸ் மூடுபனியில் ஆற்றோடு போனான். உடல் கிடைக்கவில்லை. படகு அவள் கைக்கு வந்தது. கூடவே துறையின் கட்டுப்பாடும் வந்தது: பனிமூட்டத்தில் மூன்றாவது குரல் கேட்ட பிறகுதான் துடுப்பைத் தொடலாம். ஆற்றில் செத்தவர்களுக்கு இரண்டு குரலுக்கு மேல் வராது. அந்தக் குரலை நம்பிப் படகெடுத்துப் போனவர் திரும்ப மாட்டார். யார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்களோ, ஊரே அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது.

ஜனவரியில் ஒரு பனிநாளில் அக்கரையிலிருந்து இரண்டு முறை குரல் வந்தது. கடைசியில் சற்றே மேலே தூக்கி விடும் இழுப்பு ஜேபஸுடையது. அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனி விலகியதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நாடோடிப் பெண் ஒருத்தி அக்கரை வில்லோ மரத்தடியில் விறைத்துக் கிடந்தாள். வாயைத் திறந்து கத்தக்கூடத் தெரியாதவள் என்று ஊர் அவளையே குறை சொன்னது.

இன்று மதியம் மறுபடியும் பனி. மறுபடியும் அதே குரல், அதே இழுப்பு. ஒன்று. இரண்டு. பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்.

கெசையா எழுந்தாள். ஜேபஸின் தம்பி ஒபெட் கதவை மறித்தான்.

"உக்காருங்க அண்ணி. மூணாவது வரட்டும்."

"வராதுன்னு உனக்கே தெரியும். உங்க அண்ணன் குரல்டா அது."

"அதனாலதான் சொல்றேன். உசுரோட இருந்தப்பவே உங்களை விட்டுட்டு ஒரு சந்தைக்குப் போகமாட்டான். இப்ப மட்டும் கூட்டிட்டுப் போகாம விடுவானா?"

"கூட்டிட்டுப் போகட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? அடுப்புல விலாங்கு வெந்துக்கிட்டிருக்கு!"

"நீயே தின்னு. உப்பு பார்த்துக்கோ."

அவனைத் தள்ளிவிட்டுப் படகை அவிழ்த்தாள். யாரையும் காப்பாற்ற அவள் போகவில்லை. அந்த வீட்டில் இன்னொரு குளிர்காலத்தைத் தனியாகத் தள்ள அவளால் முடியாது. அவ்வளவுதான்.

அக்கரையில் வில்லோ மரத்தடியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்தான். ஊசி நூல் விற்கும் கிழவன்; உதடு நீலம் பாய்ந்திருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. அவளுக்கு முதலில் ஏமாற்றம்தான் வந்தது. பிறகு அவனைத் தூக்கிப் படகில் போட்டு, சால்வையைச் சுற்றி, துடுப்பு வலித்தாள்.

பாதி ஆற்றில் கிழவனுக்கு நினைவு வந்தது. தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

"அந்தப் புள்ளையையும் ஏத்திக்க வேண்டியதுதானே, தாயி?"

"எந்தப் புள்ளை?"

"எனக்குக் குரலே எழும்பலை. பக்கத்துல நின்னு அவன்தான் எனக்காகக் கத்தினான். பனியில மூஞ்சி தெரியலை. ரெண்டு தடவை கத்திட்டு, 'இன்னிக்காவது வருவா'ன்னான்."

அவள் கை துடுப்பிலேயே நின்றுவிட்டது. தன்னை அழைத்துப்போகக் கூப்பிடுகிறான் என்றல்லவா இத்தனை நாள் நடுங்கினாள்! அவன் கரையில் நிற்பவரை ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறான். செத்தும் துறையை விடவில்லை. ஜனவரியில் அவன் கூப்பிட்டது அந்த நாடோடிப் பெண்ணுக்காக. அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு அவளைச் சாகவிட்டது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் அக்கரைப் பக்கம் திரும்பி, கையைக் குவித்து, செத்தவர்களுக்கு யாரும் கொடுக்கக்கூடாத பதிலைக் கொடுத்தாள்.

"ஹல்லூ! ஏத்திக்கிட்டேன், ஜேபஸ்!"

பனிக்குள்ளிருந்து பதில் வரவில்லை. ஆள் ஏறியாகிவிட்டால் எந்தத் துறையிலும் யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழவனை இக்கரைக்குக் கொண்டுபோனாள்.