காணாமல் போன ஒரு நிமிடம்

தாரகனின் விமானத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. பதினொரு வருடத்தில் வலது இருக்கையில் மனிதர் உட்கார்ந்தது நான்கு தடவைதான். அதில் மூன்று தடவை ஏறியவர் உரிமத்தைப் புதுப்பிக்க வந்த பரிசோதகர். மற்றது மகள் கிருசாந்தி, லண்டனுக்குக் கல்யாணமாகிப் போவதற்கு முந்தைய கோடையில்.

டோர்ட்மண்ட் என்ற ஜெர்மன் நகரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. வயது ஐம்பத்தொன்பது. பருத்தித்துறையிலிருந்து வந்த மனிதர் விமானம் வைத்திருக்கிறார் என்று அங்குள்ள தமிழர்கள் முதலில் வாய் பிளந்தார்கள். பிறகு, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் செய்த செஸ்னா, புதுக் காரை விட மலிவாகக் கிடைத்தது என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. கூட வர ஒருவரும் கேட்கவில்லை.

மனைவி கமலநாயகி ஏறவே மாட்டேன் என்றவர். பேரக்குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லி லண்டனுக்குப் போனார். கிருசாந்தி திரும்ப வேலைக்குப் போனாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, இரண்டாவது பிள்ளையும் வந்தது. இப்போது இரண்டரை வருடம். இடையில் சண்டை எதுவும் இல்லை. அவர் திரும்பி வருவது ஒவ்வொரு முறையும் நல்ல காரணத்தோடு தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகள் விமானத்துக்கு. வடக்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு புல் ஓடுபாதை. தாரகன் தகரக் கொட்டகையின் கதவைத் தள்ளித் திறப்பார். இறக்கையின் அடியில் இருக்கும் சின்னக் குழாயை அழுத்தி, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் குமிழாக நிற்கிறதா, தூசி சுழல்கிறதா என்று. எண்ணெய்க் கோலை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு இழுப்பார். புரொப்பெல்லரின் விளிம்பில் விரலை ஓட்டிக் கல் பட்ட தழும்பு தேடுவார். வருடாந்தப் பரிசோதனைக்குச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக் வருவார். ஆனால் அவர் திறக்கச் சொல்லும் மூடிகளையெல்லாம் தாரகன் முதல் நாளே கழற்றித் துடைத்து வைத்திருப்பார்.

அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிறு. காற்று இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் தனியாகக் கிழக்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தொடையில் கட்டிய பலகையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நேரமும் இடமும் எழுதுவது அவர் வழக்கம். பதினொன்று பத்து, கால்வாய் மதகு என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் வாயில் இரும்புச் சுவை வந்தது. அது அவருக்கு நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது ஒரு குரல்.

"டெல்டா தாங்கோ மைக், கேட்கிறதா? டெல்டா தாங்கோ மைக்!"

அது அவர் விமானத்தின் அழைப்புப் பெயர். கூப்பிட்டவர் ஓடுபாதைக் கோபுரத்தில் வானொலி பார்க்கும் பெண்மணி, பிராவ் பிரிங்க்மன். அவர் குரலில் எரிச்சல் இருந்தது. அது மூன்றாவதோ நான்காவதோ அழைப்பாக இருக்க வேண்டும். தாரகன் கீழே பார்த்தார். எதிரே இருக்க வேண்டிய காற்றாலைகள் வலது பக்கம் பின்னால் நின்றன. இடது இறக்கை சாய்ந்திருந்தது. உயரம் முந்நூறு அடி இறங்கியிருந்தது. பேனா காலடியில் கிடந்தது. பலகையில் பதினொன்று இருபதுக்கு எதிரே ஒன்றுமில்லை. மணி பதினொன்று இருபத்திரண்டு.

தூங்கவில்லை. தூங்கி விழித்தால் ஒரு திடுக்கிடல் இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு நிமிடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் ஒட்டியது போல இருந்தது.

இறக்கையை நிமிர்த்தினார். பதில் சொன்னார். ஒழுங்காக இறங்கினார். சக்கரம் புல்லைத் தொட்டதே தெரியவில்லை, அவ்வளவு நல்ல இறக்கம்.

"வானொலியில் கோளாறா?" என்று பிராவ் பிரிங்க்மன் கேட்டார்.

"ஆம். இணைப்பு ஒன்று தளர்ந்திருக்க வேண்டும்" என்றார் தாரகன் ஜெர்மன் மொழியில். பிறகு காரை எடுத்து நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு ஓட்டினார்.

அன்றிரவு கமலநாயகி வழக்கம்போல லண்டனிலிருந்து போனில் அழைத்தார். "சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்குது."

"களைப்பு. நீர் பிள்ளையைப் பாரும், அழுகிறாள்."

அந்த வாரம் அவர் வேலைக்குப் போனார். ஒரு வைத்தியசாலையில் லிஃப்டின் கூரையில் ஏறி நின்று கம்பிக்கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆறு மாடி இருட்டு திறந்திருந்தது. இதுவரை ஆயிரம் தடவை அப்படி நின்றவர்தான். அன்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். ஒரு தடவை நடந்தது, களைப்பாக இருந்திருக்கும், தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். புதன்கிழமை அதை நம்பினார். வியாழன் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை விக்னேஷ் செய்தி அனுப்பியிருந்தான். விக்னேஷ் கோயம்புத்தூர்க்காரன், பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி. ஆய்வகக் கட்டடத்தின் லிஃப்ட் இடையில் நின்றபோது நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டவன். வெளியிலிருந்து தமிழில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தாரகன்தான் கதவைத் திறந்தார். அந்தப் பேச்சில் விமானமும் வந்தது. 'ஒருநாள் என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா அண்ணா?' என்று அவன் கேட்டான். பதினொரு வருடத்தில் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள். இந்த ஞாயிறு என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

தாரகன் செய்தியை இரண்டு தரம் படித்தார். 'வாறன், எட்டு மணிக்கு ஸ்டேஷனடியிலை நில்லுங்கோ' என்று பதில் போட்டார்.

ஞாயிறு வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. விக்னேஷ் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் பேசினான். தாரகனுக்கு அந்தக் காரில் வேறு ஒருவரின் குரல் கேட்டே நாளாகிவிட்டது. கொட்டகையில் அவன் ஒவ்வொன்றையும் கேட்டான், அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெட்ரோல் குவளையைத் தூக்கிப் பிடித்தபோது அவனும் குனிந்து பார்த்தான்.

"தண்ணி இருந்தா என்ன ஆகும் அண்ணா?"

"மேலை போன பிறகு எஞ்சின் நிண்டுபோகும்."

"அப்ப இதை ஒவ்வொரு தடவையும் பார்ப்பீங்களா? நேத்துத்தான் பார்த்தோம்னு விட மாட்டீங்களா?"

"விட ஏலாது. நேற்றையான் பெட்ரோல் வேறை, இண்டையான் வேறை."

இருவரும் உள்ளே ஏறினார்கள். விக்னேஷின் எடையையும் சேர்த்து விமானத்தின் பாரத்தை அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். அவனுக்கு வாரைக் கட்டிவிட்டார், கதவை எப்படித் திறப்பது என்று காட்டினார். பிறகு கண்ணாடி மூலையில் செருகியிருந்த அட்டையை எடுத்தார். எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் வாய்விட்டுப் படிக்க வேண்டிய அட்டை. அதன் மேல் பாதி விமானத்தைப் பற்றியது அல்ல, ஓட்டுகிறவரைப் பற்றியது. நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணவு.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஆறு சொற்களையும் ஒரே மூச்சில் கடந்து போகிறவர்தான். அன்று முதல் சொல்லைப் படித்தார். நின்றார். பக்கத்தில் விக்னேஷ் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய முழங்கால் தன்னுடைய முழங்காலை இடித்துக்கொண்டிருப்பதைத் தாரகன் கவனித்தார். அவ்வளவு சின்ன விமானம். தனக்கு மறுபடி அந்த ஒரு நிமிடம் வந்தால் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?

"தம்பி, இண்டைக்குப் பறக்க ஏலாது."

"ஏன் அண்ணா? ஏதாச்சும் ரிப்பேரா?"

"விமானத்திலை ஒண்டுமில்லை. எனக்குத்தான்."

சொன்னார். இரும்புச் சுவை, பேனா, காற்றாலைகள், எல்லாம். சொல்லும்போது அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விக்னேஷ் போனை மடியில் வைத்தான்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை."

"வீட்ல?"

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

விக்னேஷ் வாரைக் கழற்றினான். "கார் சாவியைக் கொடுங்க அண்ணா. நான் ஓட்டறேன்."

கிளம்புவதற்கு முன் தாரகன் கோபுரத்தின் இரும்புப் படிகளில் ஏறி, போன வாரம் வானொலியில் கோளாறு எதுவும் இல்லை என்று பிராவ் பிரிங்க்மனிடம் சொன்னார். அவர் திட்டுவார் என்று நினைத்திருந்தார். பிராவ் பிரிங்க்மன் தன் கதிரையிலிருந்து எழுந்து அவரை அதில் உட்கார வைத்தார்.

நரம்பியல் மருத்துவரிடம் டெர்மின், அதாவது பார்க்க நேரம், கிடைக்க மூன்று வாரம் ஆனது. தலையில் கம்பிகள் ஒட்டிப் பரிசோதித்தார்கள். அது வலிப்பின் ஒரு வகை, கைகால் உதறாது, ஆள் விழமாட்டார், சிறிது நேரம் நினைவு மட்டும் விலகியிருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரையால் பெரும்பாலும் கட்டுப்படும். கார் ஓட்டுவது குறைந்தது ஒரு வருடத்துக்கு இல்லை. உயரத்தில் வேலை இல்லை. விமானம் பற்றித் தாரகன் கேட்டார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். அதுவே பதிலாக இருந்தது.

நிறுவனம் அவரை உதிரிப்பாகக் கிடங்கில் உட்கார வைத்தது. விமானி உரிமத்தை அவரே தபாலில் அனுப்பினார்.

ஜனவரியில் கமலநாயகி வந்தார். விஷயம் தெரிந்த அன்றே கிளம்பியிருப்பார், கிருசாந்தியின் லீவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த மறுநாள், "அந்தச் சாமானை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். ரயில் ஏறி, பஸ் மாறி, உறைந்த வயல் வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்து போனார்கள். கொட்டகைக்குள் மூச்சு புகையாக வந்தது. தாரகன் போர்வையை இழுத்து எடுத்தார். கமலநாயகி கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். முன்னால் இருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு இது என்ன, இது என்ன என்று கேட்டார்.

"இதுக்குள்ளை தனியவோ இவ்வளவு நாளும் திரிஞ்சனீங்கள்?"

"ஓம்."

"பயமில்லையோ?"

"பயமில்லை. பக்கத்திலை ஆள் இல்லை எண்டதுதான்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டனான். முதல் வருசம்."

"ஒருக்காத்தானே கேட்டனீங்கள்" என்றார் கமலநாயகி.

இருவரும் கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். குளிர் தாங்க முடியாமல் போனபிறகு இறங்கினார்கள்.

மூன்று வாரம் முடிந்து கமலநாயகி கிளம்பும்போது, "நீங்களும் வாங்கோவன்" என்றார். வேலை, மருந்து, காப்புறுதி, பென்சனுக்கு இன்னும் இருக்கும் வருடங்கள் என்று தாரகன் சொன்னார். எல்லாம் உண்மைதான். கமலநாயகி சொன்ன காரணங்களும் எப்போதும் உண்மையாகவே இருந்தன.

ஏப்ரலில் ஹனோவர் பக்கத்திலிருந்து ஒரு தாதி விமானத்தை வாங்க வந்தார். நாற்பது வயதிருக்கும். பதிவேடுகளைத் தாள் தாளாகப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த இயந்திரத்தை நான் கண்டதில்லை" என்றார். குளிர்காலத்தில் எஞ்சின் முதல் தடவையில் பிடிக்காது, பெட்ரோலை இரண்டு தரம் அடித்துவிட்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று தாரகன் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் ஏறி, அட்டையை எடுத்து வாய்விட்டுப் படித்து, எஞ்சினைத் தொடக்கினார். விமானம் புல்லில் குலுங்கி ஓடி எழும்பியது. வெளியிலிருந்து அதைத் தாரகன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது.

மாத்திரைகளோடு கோடைகாலம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"இடையில் ஏதும் வந்ததா?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

"உங்களுக்குத் தெரியாமல் வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது கவனித்தார்களா?"

"பக்கத்தில் ஒருவரும் இல்லை" என்றார் தாரகன். மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.

அதை அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கமலநாயகியிடம் சொன்னார். மறுநாளிலிருந்து கமலநாயகி ஒரு ஒழுங்கு வைத்தார். மாலையில் ஆறு மணிக்குத் தாரகன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து மேசையில் நிறுத்த வேண்டும். லண்டனில் அவருடைய போன் சமையல் மேடையில் நிற்கும். பேச விஷயம் இருந்தால் பேசுவார்கள். பல நாள் இருக்காது. அங்கே வெங்காயம் வதங்கும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். இங்கே அவர் சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிடுவார், செய்தித்தாள் புரட்டுவார்.

இடையிடையே கமலநாயகி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவார்.

"இருக்கிறன்" என்பார் தாரகன்.