அளவு நோட்டில் ஒரு பெயர்

"அன்னிய ஆம்பளைன்னு சொல்லிட்டேனே மச்சான், என் வாயால..."

"வேற என்னத்தச் சொல்லியிருப்ப? போலீசு நிக்கிறான்..."

"அந்தப் புள்ள கேட்டுக்கிட்டுல நின்னுச்சு."

"நிக்கட்டும். நீ இருக்கிறது என் விசாவுல, வேல பாக்கக் கூடாது. இங்க உக்காந்து தைக்கிறன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்திருவான்."

வளைகுடா நகரத்தின் சத்வா பகுதியில் கடைகள் மூடிக் கிடக்கும் மதிய நேரம். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் கலீலுர் ரஹ்மான் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அவர் மனைவி ஜுலைஹா பீவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர்கள் போய் அரைமணிகூட ஆகவில்லை.

முன்பு இதேபோல ஒரு மதிய நேரத்தில்தான் பானு முதன்முதலாக வந்தாள். அடுத்த தெரு லாண்டரியில் இஸ்திரி போடுகிற வேலை. பாஸ்போர்ட்டில் பேர் பாலகுரு, ஊர் காளையார்கோவில் பக்கம். ஊரிலிருக்கும் தங்கச்சிக்கு ஒரு சுடிதார் வேண்டும், அவளும் என் உடம்புவாகுதான் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆண்களுக்கு அளவெடுப்பது கலீலுர் ரஹ்மான். புருஷனைத் தவிர வேறு ஆணின் சட்டைக் காலரைக்கூட ஜுலைஹா தொட்டதில்லை. அன்றைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு அவளேதான் எழுந்தாள். தோளில் வைத்தாள், மார்பில் சுற்றினாள். நழுவிய முக்காட்டை இழுத்துவிடக்கூடத் தோன்றவில்லை. நோட்டில் என்ன பேர் எழுதட்டும் என்று கேட்டாள். பானுமதி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அக்கா முறை வைத்து லாத்தா, பானு என்றுதான் பேச்சு.

அந்த வருஷம் பெண் உடுப்பில் இருக்கிற ஆண்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டது. இன்று காலை பானுவின் ரூமைச் சோதித்தவர்கள் பைக்குள்ளிருந்து சுடிதாரை எடுத்தார்கள். தையல்கடை அம்மாவுடையது, இஸ்திரிக்கு வந்தது என்று பானு சொல்லியிருக்கிறாள். இஸ்திரிக்காரி சொன்னால் நம்பக்கூடிய பொய்தான். விசாரிக்கக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜுலைஹா ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அவள் தயங்கிய நேரத்தில் போலீஸ்காரர் சுடிதாரை அவள்மேல் வைத்துப் பார்த்தார். ஒரு சாண் நீளம் அதிகம். பிறகு பானுவின் தோளில் வைத்தார். கச்சிதம். இந்த ஆளுக்கு நீ அளவெடுத்தாயா என்று இந்தியில் கேட்டார்.

"நான் அன்னிய ஆம்பளையத் தொட்டு அளவெடுக்கிறதில்ல."

கலீலுர் ரஹ்மான் அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். பானுவுக்கு இந்தியில் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போறேன் மச்சான். என் தங்கச்சிக்குத் தச்சதுன்னு சொல்லிர்றேன்."

"போ. மொதல்ல எதுக்குப் பொய் சொன்னன்னு கேப்பான். அப்பறம் அளவு நோட்ட எடும்பான்."

நோட்டில் பானுவின் அளவு இருப்பது இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. அவள் பக்கம் தள்ளிவைத்தார். ஜுலைஹாதான் தாளைத் தேடினாள். தோள், மார்பு, இடுப்பு, கை. மேலே அவள் கையெழுத்தில் ஒரு பெயர். கிழித்தாள், பொடிப்பொடியாக வெட்டினாள், வெட்டுத்துணிக் குப்பையோடு கலந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றவள் அதற்கப்புறம் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கடை போன் அடித்தது.

"லாத்தா, நாந்தான். நாளைக்கு ஊருக்கு ஏத்துறாங்களாம்."

மன்னிச்சிரு என்று ஜுலைஹா தொடங்கியதை பானு முடிக்க விடவில்லை. தலையை மழித்துவிட்டார்கள் என்று யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். எத்தனை தடவை கேட்டும் கடையைப் பற்றி வாய் திறக்கவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம் என்றாள். சுடிதாரை அவர்களே வைத்துக்கொண்டார்களாம். பின்னால் யாரோ நேரமாச்சு என்று அரபியில் அதட்டுவது கேட்டது.

"ஊருக்குப் போனா நான் பாலகுருதான் லாத்தா. பானுமதின்னு எழுதியிருக்கிற ஒரே எடம் ஒங்க நோட்டுதான். அது இருக்குல்ல?"