எடுக்கிறது உன் இஷ்டம்

வெளியே எல்லோரும் அவளைச் சமாதானம் என்றுதான் அழைத்தார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். முட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு கூட்டத்தாரை ஒரே மேஜையில் உட்கார வைப்பது அவள் பிழைப்பு. கதவடைத்த தொழிற்சாலை, ஒரே சந்தைக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கம்பெனிகள், துப்பாக்கியைக் கீழே வைக்கலாமா என்று யோசிக்கும் இரண்டு ஊர்க்காரர்கள், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நான் இப்படிச் செய்தால் எதிராளி என்ன செய்வான், அவன் அப்படிச் செய்வான் என்று தெரிந்தபின் நான் என்ன செய்வேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. கேம் தியரி என்பார்கள். அதைப் படித்தவர்களில் பலர் வகுப்பெடுத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். இவள் அதை வைத்து உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறாள், அதை யாரும் மறுக்க முடியாது. அதே படிப்பை வைத்து அவள் சொந்தத் தம்பியை ஏமாற்றியதும் உண்மை.

அப்பா விட்டுப்போனது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று. அதில் இரண்டு விதமான வேலை. ஒரு பக்கம் புதுக் கட்டடங்கள்: ஆஸ்பத்திரி, ஹோட்டல், கண்ணாடி போட்ட ஆபீஸ்கள். அங்கே லிஃப்ட் நின்றால் ஒரு ஆள் போய் மின்பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டு வருவான். ஒப்பந்தம் வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் பட்டறையும், அதை நம்பி இருக்கிற பழைய மாடி வீடுகளும். கையால் இழுத்து மூடும் கம்பிக்கதவு லிஃப்ட்டுகள் அவை. உடைந்த பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது, பட்டறையில் கடைந்துதான் போடவேண்டும்.

தம்பிக்குப் பட்டறைதான் உலகம். சட்டைப்பையில் எப்போதும் நாலு நட்டு கிடக்கும் என்பதால் அவனுக்கு நட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. கூட மூத்த தொழிலாளிகள் இரண்டு பேர். ஒருவர் மொட்டைமாடி மெஷின் ரூமில் நிற்பார், மற்றவர் லிஃப்ட் குழிக்குள் இறங்குவார். அதனால் மேலண்ணன், கீழண்ணன். மேலேயும் கீழேயும் நின்று கத்திப் பேசியே பழகிவிட்டதால், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் இருவரும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்கு அந்தப் பட்டறை மேல் ஒரு பழைய கோபம் உண்டு. சின்ன வயதில் ஒரு ஸ்பானரைத் தொட்டால் போதும், "உனக்கெதுக்கும்மா கிரீஸு, போய்ப் படி" என்பார் அப்பா. போய்ப் படித்தாள். ஊரே மெச்சுகிற அளவுக்குப் படித்தாள். ஆனாலும் இன்றுவரை பட்டறைக்குள் அவள் நுழைந்தால், வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற ஸ்டூலைத் துடைத்து இழுத்துப் போடுவான் தம்பி. அவன் மரியாதைக்குத்தான் செய்தான். இவளுக்கு அது முள்ளாய்க் குத்தும்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு ஆலோசனை நிலையம் தொடங்க ஆசை. அதற்குப் பணம் வேண்டும், அதனால் கம்பெனியைப் பிரிப்பது என்று ஆயிற்று. பெரிய லிஃப்ட் நிறுவனம் ஒன்று புதுக் கட்டட ஒப்பந்தங்களை வாங்கத் துடித்துக்கொண்டிருந்தது. பழைய லிஃப்ட்டுகளோ ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. தம்பிக்கும் இது தெரியாத விஷயமல்ல. அதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேஜையில் சித்தப்பாவையும் வக்கீலையும் வைத்துக்கொண்டுதான் அவள் சொன்னாள்.

"நான் ரெண்டு கூறாப் பிரிக்கறேன். எடுக்கிறது உன் இஷ்டம். நீதான் முதல்ல எடுக்கணும்."

"நீயே எதையாவது குடுத்துடுக்கா. எனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"அதெல்லாம் கூடாது. அக்கா ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது பாரு."

வக்கீல் தலையாட்டி ரசித்தார். பிரிக்கிறவள் ஓரவஞ்சனையாகப் பிரித்தால் எடுக்கிறவன் நல்ல கூறை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அந்தப் பயத்திலேயே அவள் சமமாகப் பிரித்துவிடுவாள் என்று சித்தப்பாவுக்கு விளக்கமும் சொன்னார். சித்தப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வக்கீல் சொன்னது சரி. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை அவளே எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். எடுக்கிறவனின் மனசு பிரிக்கிறவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் இந்த முறை செல்லாது. அவனால் எதை விடவே முடியாதோ அதைத் தூக்கி இளைத்த கூறில் வைத்துவிட்டால் போதும். கொழுத்ததையெல்லாம் மறுபக்கம் தள்ளிவிடலாம். அவனாகவே இளைத்ததை எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவான்.

அவள் அப்படித்தான் பிரித்தாள். பட்டறை, மேலண்ணன், கீழண்ணன், பழைய வீடுகள் ஒரு கூறு. ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஆபீஸ்கள் இன்னொரு கூறு. தம்பி டீயை வாயில் வைத்தபடியே முதல் கூறு எழுதிய தாளைத் தொட்டான். யோசிக்கக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் சரியில்லை. விதிப்படிதானே நடந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஊருக்கே சமாதானம் சொல்கிறவளுக்குத் தன் மனசைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. அப்பா என்னைப் பட்டறையில் சேர்க்கவில்லையே, அதற்கு இது சரியாய்ப் போயிற்று என்றும் சொல்லிப் பார்த்தாள். அப்பா செய்ததற்குத் தம்பி என்ன செய்வான்?

கையெழுத்துப் போடவேண்டிய நாளும் வந்தது. சாயங்காலம் வக்கீல் ஆபீஸில் சந்திப்பதாக ஏற்பாடு. காலையில் அவளுக்கு வேறொரு பேச்சுவார்த்தை.

ஒரு பள்ளத்தாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு மடிந்த இரண்டு கூட்டத்தார். மலைப்பக்கத்தார் ஒன்று, ஆற்றுப்பக்கத்தார் ஒன்று. ஒருத்தர் கூறு போடட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும் என்று அவள்தான் அவர்களுக்கும் வழி சொல்லியிருந்தாள். சீட்டுப் போட்டதில் பிரிக்கும் வேலை ஆற்றுப்பக்கத்தாருக்கு விழுந்தது. மேஜையில் வரைபடத்தை விரித்து, நடுவே ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தார்கள்.

மலைப்பக்கத்தாருக்காகப் பேச வந்தவள் ஒரு பள்ளி ஆசிரியை. அவள் விரல் வரைபடத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. ஊற்றுகளைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது, கல்லும் முள்ளுமான மேட்டில் ஒரு சின்னச் சதுரத்தின் மேல் வந்து நின்றது. அது இடுகாடு.

"எங்க பிள்ளைங்க எல்லாம் இங்கதான் கிடக்குதுங்க," என்றாள் ஆசிரியை. "நாங்க இந்தப் பாதியவே எடுத்துக்கறோம்."

ஆற்றுப்பக்கத்துத் தலைவர் பேனாவைத் திறந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை, ஆச்சரியமும் இல்லை. அந்த முகத்தைச் சமாதானத்துக்கு நன்றாகவே தெரியும். சாப்பாட்டு மேஜையில் அவள் வைத்துக்கொண்டிருந்த முகம் அது.

"நிறுத்துங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்தக் கூறு செல்லாது."

"ஏன் செல்லாது? முறையைச் சொன்னதே நீங்கதான். நாங்க பிரிச்சோம், அவங்க எடுத்தாங்க. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலையே?"

"அவங்களால எதை விட முடியாதுன்னு தெரிஞ்சே, அதைத் தண்ணியில்லாத பக்கம் வெச்சிருக்கீங்க."

தலைவர் பேனாவை மூடினார். "மனசுக்குள்ள நினைச்சது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய பெரியவர்தான் குறுக்கே வந்து காப்பாற்றினார். இடுகாடு இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும், மீதியை மறுபடி பிரிக்கலாம் என்று சொல்லி அன்றைய பேச்சை முடித்தார். வெளியே வந்ததும் அவள் தோளைத் தட்டினார். "எங்க யாருக்குமே தோணலைம்மா. உன் கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் பட்டுச்சோ!" அந்தப் பாராட்டுக்கு அவர் நாலு அறை விட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்கு நியாயம் கேட்ட வாய், கூடப் பிறந்தவனுக்கு ஏன் திறக்கவில்லை?

நேரே பட்டறைக்குப் போனாள். தம்பி ஒரு கப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலண்ணனும் கீழண்ணனும் ஆளுக்கொரு மூலையில் ஏதோ ராவிக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் தம்பி முகம் மலர்ந்தது. வழக்கமான ஸ்டூல் பக்கம் அவன் போகவில்லை. தன் வேலை பெஞ்சிலேயே சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணினான்.

"இங்க உக்காருக்கா. இனிமே உனக்கு ஸ்டூல் கிடையாது."

"நட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் சொல்லிடறேனே." கையைத் துணியில் துடைத்தான். "பட்டறையையும் அண்ணனுங்க ரெண்டு பேரையும் பிரிக்காம ஒரே கூறுல வெச்சே பாரு, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எனக்குச் சொல்ல வரலை. வேற யாராவதுன்னா இடத்தைத் தனியா ஆளைத் தனியான்னு பிச்சுப் போட்டிருப்பாங்க. எனக்கு எது வேணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கே. அப்பாகூட என்னை இவ்வளவு புரிஞ்சுக்கிட்டதில்லைக்கா."

அவள் உட்காரவில்லை.

"தெரிஞ்சுதான் வெச்சேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்லடா. நீ எதை விடமாட்டியோ அது எனக்குத் தெரியும். அதை எடுத்து, ஒண்ணுமில்லாமப் போகப்போற பக்கம் வெச்சேன். நல்லதெல்லாம் எனக்குன்னு மறுபக்கம் ஒதுக்கிட்டேன். நீ எடுக்கிறதுக்கு முன்னாடியே நீ எடுத்து முடிச்சாச்சு. இஷ்டம் கிஷ்டம்னு சொன்னது எல்லாம் சும்மா."

தம்பி சிரித்தான். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது.

"என்னவாம்?" என்று மூலையிலிருந்து கத்தினார் மேலண்ணன்.

"ஒண்ணுமில்லை, குடும்ப விஷயம்! காதைப் பொத்திக்க!" என்று அதைவிடப் பலமாகக் கத்தினார் கீழண்ணன்.

தம்பி கையிலிருந்த துணியைப் பெஞ்சு மேல் போட்டான். "எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன் தெரியுமா? எங்கக்கா எனக்காகப் பார்த்துப் பார்த்துப் பிரிச்சுதுன்னு."

"தப்புதான்டா. பெரிய தப்பு. இப்ப நீ பிரி. நான் எடுக்கறேன்."

தம்பி இரும்பில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்தான். தரையில் ஒரு கோடு இழுத்தான். இடது பக்கம் பட்டறை, மேல், கீழ், பழைய வீடுகள் என்று எழுதினான். வலது பக்கம் ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஆபீஸ்கள். எழுந்து நின்று சாக்கட்டியைப் பெஞ்சு மேல் வைத்தான்.

"இது நான் போட்ட கூறாச்சே?"

"ஆமா. அதேதான். இப்ப எடுக்கிறது உன் இஷ்டம்."

அவள் கோட்டருகே நின்றாள். வலதை எடுத்தால், அன்றைக்கு மறைவாகச் செய்ததை இன்றைக்கு அவன் கண்ணெதிரே செய்ததாகிவிடும். இடதை எடுத்தால் அவன் உயிரையே எடுத்ததாகும். வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேருக்கு அடுத்த காயை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவளுக்கு எந்தப் பக்கமும் கால் வைக்க முடியவில்லை.

"என்னால முடியலைடா."

"நான் எடுக்கும்போது மட்டும் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தியே." கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் தரையில் மண்டியிட்டாள். வலது பக்கம் எழுதியிருந்த ஆஸ்பத்திரியை உள்ளங்கையால் அழித்தாள். சாக்கட்டியை எடுத்து அதை இடது பக்கம், பழைய வீடுகளுக்குக் கீழே எழுதினாள். ஹோட்டலை அழித்தாள். அதையும் அந்தப் பக்கம் எழுதினாள். ஆபீஸ்களின் மேல் கையை வைத்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"போதும். அது உனக்கு இருக்கட்டும். எனக்கு எதுக்கு எல்லாமும்?"

அவள் நிமிர்ந்தாள். உள்ளங்கை முழுக்கச் சாக்கட்டிப் பொடி, அதற்கு மேல் தரையின் கிரீஸ். புடவையிலும் ஒட்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அந்தக் கை உதவவில்லை.

"இப்ப சரியா இருக்கா நட்டு?"

தம்பி கோட்டின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான். அவனுக்குக் கணக்கு வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததும் தப்பு.

"சரியாத்தான்கா இருக்கு," என்றான். "ஆனா எனக்கு முந்தி இருந்ததுதான் பிடிச்சிருந்தது."

அவள் எழுந்து, அவன் பெஞ்சில் ஒதுக்கி வைத்திருந்த இடத்தின் பக்கம் திரும்பினாள். அவன் பார்த்துவிட்டான். மூலைக்குப் போய் வாடிக்கையாளர் ஸ்டூலை எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, அவளுக்கு இழுத்துப் போட்டான்.